எந்த வலுவுக்கு எந்தச் செயின், எத்தனை பல்: சங்கிலி வாள் வைத்திருப்போருக்கு ஓர் ஒப்பீடு

ஐம்பது சீசீ அளவிலான சங்கிலி வாள் ஒன்றை வைத்திருப்பவர், தேய்ந்த செயினையும் அதை இழுக்கும் பற்சில்லையும் மாற்றக் கடைக்குப் போனால் மூன்று விதமான ஆலோசனைகளோடு திரும்புகிறார். பழையதையே போடச் சொல்பவர் ஒருவர்; பற்சில்லில் ஏழு பல்லுக்குப் பதிலாக எட்டுப் பல் போட்டால் வாள் பறக்கும் என்பவர் இன்னொருவர்; .325 அங்குலச் செயினைக் கைவிட்டு 3/8 அங்குலத்துக்கு (செயின் கண்ணிகளின் இடைவெளியைச் சொல்லும் அளவுகள் இவை) மாறினால்தான் பனையும் வேம்பும் அரியலாம் என்பவர் மூன்றாமவர். மூன்று ஆலோசனையும் ஏதோ ஒரு வாளுக்குச் சரியானவைதான். ஆனால் எந்த மரம், எவ்வளவு அகலம், எஞ்சின் தரும் வலு எவ்வளவு என்று கேட்காமல் சொல்லப்படுவதால் வாங்குபவருக்கு அவை உதவுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலி வெட்டவும், காற்றுக்கு விழுந்த மரத்தை அகற்றவும், பனை தறிக்கவும் பயன்படும் 45 முதல் 60 சீசீ வரையான வாள்களை மையமாக வைத்தே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. இவற்றை வைத்திருப்போரில் பெரும்பாலானோருக்கு .325 செயினும் ஏழு பல்லும் கொண்ட கொம்பனி அமைப்பே பொருத்தமானது என்பது என் முடிவு. அதற்கு விலக்கான சூழல்களும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## முதலில், எதைக் கொண்டு அளப்பது

எஞ்சினின் வலு. உறையில் பெரிதாக எழுதியிருக்கும் 5200, 5800 போன்ற மொடல் இலக்கங்கள் வலுவைச் சொல்வதில்லை. சீசீகூட ஓரளவுக்குத்தான் சொல்லும். பார்க்க வேண்டியது கிலோவாற்று அளவு. ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 180 ஏறத்தாழ 32 சீசீயில் 1.4 கிலோவாற்று தருகிறது. எம்எஸ் 250 ஏறத்தாழ 45 சீசீயில் 2.3 கிலோவாற்றும், எம்எஸ் 381 ஏறத்தாழ 72 சீசீயில் 3.9 கிலோவாற்றும் தருகின்றன. பெயர் தெரியாத 52 சீசீ வாளுக்கு 2.2 கிலோவாற்று என்று எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது பாதுகாப்பானது.

ஒரே நேரத்தில் மரத்துள் புதையும் பாரின், அதாவது செயின் சுற்றியோடும் நீண்ட தட்டை இரும்பின், நீளம். பார் 20 அங்குலம் என்பதற்காக வேலையும் 20 அங்குலம் ஆகிவிடாது. கதியாலாக நிற்கும் பூவரசின் கிளை ஐந்தாறு அங்குலந்தான். முற்றிய வேம்பின் அடியோ இரண்டு அடியையும் தாண்டும். பனை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்க, பனைக்கு அது வெளிவட்டத்தில் இருக்கிறது, உள்ளே சோற்றி. எனவே வாள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கடும் நாரைச் சந்திக்கிறது, இடையில் சுமை ஓரளவு தளர்கிறது. நாரை ஒட்டியிருக்கும் சிலிக்கா மணிகள் செயினின் வெட்டுப்பல்லின் கூரை விரைவாக மழுக்கும். அறுபட்ட நார் பற்சில்லின் மூடிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

வேகமும் இழுவையும். ஒரே சுற்று வேகத்தில் எஞ்சின் தரும் வலு மாறாது. பற்சில்லு செய்வதெல்லாம் அந்த வலுவை வேகமாகவும் இழுவையாகவும் பங்கிடுவதுதான். சைக்கிளில் பெடல் பக்கத்துச் சில்லைப் பெரிதாக்கினால் சமதரையில் பறக்கலாம், எதிர்காற்றில் மிதிக்க முடியாது. இங்கும் அதே கணக்கு.

பொருத்தம். பிட்ச் எனப்படும் கண்ணி இடைவெளி (.325, 3/8 என்பவை இதுவே) மூன்று இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: செயின், கிளச்சோடு சேர்ந்த பற்சில்லு, பாரின் நுனியிலுள்ள சிறு சில்லு. பாரின் பள்ளத்துள் ஓடும் அடிக்கண்ணியின் தடிப்பு இரண்டு இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்: செயின், பாரின் பள்ளம். இவற்றுள் ஒன்றை மாற்றினால் மற்றவற்றின் செலவும் கூடவே வரும்.

உதிரிப்பாகமும் தீட்டுதலும். இந்த அளவுகோலுக்கு எங்கள் பகுதியில் தனி முக்கியத்துவம் உண்டு. வடக்கின் பழைய மரங்கள் பலவற்றுள் போர்க்காலச் சன்னங்களும் எறிகணைச் சிதறல்களும் புதைந்து கிடக்கின்றன. வேலி மரங்களுள் முட்கம்பியும் ஆணியும் பட்டை மூடிக் கிடக்கின்றன. ஒரு சன்னத்தில் பட்ட செயின் அந்த நிமிடமே முடிந்துவிடலாம். ஆகவே எந்தச் செயினைத் தெரிந்தாலும், அதை அருகிலேயே மீண்டும் வாங்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

## எண்கள் சொல்வது

பிட்ச் என்பது அடுத்தடுத்த மூன்று றிவிற்றுகளுக்கு இடையிலான தூரத்தின் பாதி. பற்சில்லின் ஒவ்வொரு பல்லும் இரண்டு பிட்ச் நீளச் செயினை இழுக்கிறது. எனவே பிட்சை இரண்டாலும் பல்லின் எண்ணிக்கையாலும் பெருக்கினால், ஒரு சுற்றுக்கு ஓடும் செயினின் நீளம் கிடைக்கும். கீழுள்ள வேகம், மரத்துள் வெட்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடுகிறது என்ற எடுகோளில் கணக்கிடப்பட்டது. இழுவையில் .325, ஏழு பல் என்பது 100 எனக் கொள்ளப்பட்டுள்ளது. சிறு 3/8 என்பது 3/8இன் அதே பிட்சில் வரும், பல் குட்டையான மெல்லிய செயின்.

| செயின், பல் | ஒரு சுற்றுக்கு (மி.மீ.) | வேகம் (செக்கனுக்கு மீற்றர்) | இழுவை |
|---|---|---|---|
| சிறு 3/8, 6 பல் | 111.8 | 16.8 | 103 |
| .325, 7 பல் | 115.5 | 17.3 | 100 |
| .325, 8 பல் | 132.0 | 19.8 | 88 |
| 3/8, 7 பல் | 130.5 | 19.6 | 89 |
| 3/8, 8 பல் | 149.1 | 22.4 | 77 |
| .404, 7 பல் | 143.6 | 21.5 | 80 |

3/8 அங்குலத்தைக் கணக்குப்படி மாற்றினால் 9.5 மி.மீ. வரும். செயினில் அளந்தால் 9.3 மி.மீ. அளவுதான் இருக்கும், அட்டவணை அந்த உண்மை அளவைக் கொண்டது. இதனால் பலரும் எதிர்பாராத ஒன்று வெளிப்படுகிறது: எட்டுப் பல் போட்ட .325 செயினும் ஏழு பல் போட்ட 3/8 செயினும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகின்றன. 3/8க்கு மாறினால் வேகம் கூடும் என்பதற்காக மட்டும் மாறுபவர், பற்சில்லை மட்டும் மாற்றிக் கிடைக்கக்கூடியதற்குப் பாரையும் செயினையும் அரத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

வலுவை வேகத்தால் வகுத்தால் இழுவிசை வரும். உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், 2.2 கிலோவாற்று வாளில் .325, ஏழு பல் அமைப்பு 127 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 13 கிலோ எடையைத் தூக்கும் விசையோடு செயினை இழுக்கிறது. அதே வாளில் 3/8, ஏழு பல் போட்டால் இது 112 நியூற்றனாகக் குறைகிறது. 3.9 கிலோவாற்று வாளில் அதே 3/8, ஏழு பல் அமைப்பு 199 நியூற்றன் தரும். பெரிய வாளில் 3/8 செயின் வெண்ணெயில் போவதுபோல் போவதைப் பார்த்துவிட்டுச் சிறிய வாளில் அதை மாட்டுபவர் ஏமாறுவது இந்த இடைவெளியால்தான்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். வழமையான செயினில் நான்கு பிட்சுக்கு ஒரு வெட்டுப்பல் வருகிறது. 300 மி.மீ. அகலமுள்ள மரத்துள் .325 செயினின் ஒன்பது பற்களும் 3/8 செயினின் எட்டுப் பற்களும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. மேற்சொன்ன விசையைப் பங்கிட்டால் இரண்டிலும் ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 14 நியூற்றன்தான் வருகிறது. ஆனால் 3/8இன் பல் அகலமானது. அதே விசையில் அகலமான பல் ஆழமாகக் கடிக்காது. அது மெல்லிய சீவலாகச் சுரண்டிக்கொண்டு ஓடும். மரத்தின் அகலம் 450 மி.மீ. ஆனால் .325இலேயே ஒரு பல்லுக்கு ஒன்பது நியூற்றன்தான் மிஞ்சும். 3/8இன் நிலைமை அதைவிட மோசம்.

## தெரிவு 1: இருப்பதையே வைத்திருப்பது (.325, 7 பல்)

2 முதல் 2.8 கிலோவாற்று வரையான எஞ்சினுக்கு இதுவே நடுநிலையான அமைப்பு. பூவரசு, வேம்பு, மா, தென்னை எனக் கலந்து வரும் வேலைக்கு, 15 அல்லது 18 அங்குலப் பாரில், இதைவிட நிம்மதியானது இல்லை. உதிரிப்பாகமும் பரவலாகக் கிடைக்கிறது, தீட்டுவதற்கு 4.8 மி.மீ. உருண்டை அரம் போதும்.

மறைந்திருக்கும் செலவு பாரின் நீளத்தில் இருக்கிறது. மலிவு வாள்கள் பலவற்றை 20 அல்லது 22 அங்குலப் பாரோடு விற்கிறார்கள், ஏனெனில் நீளமான பார் கடையில் கம்பீரமாகத் தெரியும். அவ்வளவு நீளத்தையும் முதிரையிலோ பாலையிலோ புதைத்தால் எஞ்சின் திணறும். உரிமையாளர் குற்றத்தைச் செயின்மேல் போட்டு, அடுத்த தெரிவுகளைத் தேடத் தொடங்குவார். பற்சில்லில் கைவைப்பதற்கு முன்னர் இரண்டு அங்குலம் குறைந்த பாரையும் அதற்கேற்ற செயினையும் போட்டுப் பார்ப்பது பயன் தரும்.

இன்னொன்றும் உண்டு. வேகம் போதவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பல, உண்மையில் தீட்டுதல் பற்றியவை. வெட்டுப்பல்லுக்கு முன்னாலுள்ள சிறு மேடு பல்லின் கூரைவிட ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நாலைந்து முறை தீட்டியும் அந்த மேட்டில் அரம் படாமலே இருந்தால் பல் மரத்தைத் தொடாது. தூள் மாவாக வருகிறதா, சீவலாக வருகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். மாவாக வரும் வாளுக்கு எட்டுப் பல் மருந்தாகாது.

## தெரிவு 2: ஒரு பல் கூட்டுவது (.325, 8 பல்)

வேகம் ஏழில் ஒரு பங்கு கூடும். இழுவை எட்டில் ஒரு பங்கு குறையும். சிறு விட்டமுள்ள, அதிகம் வைரமில்லாத மரத்தை நாள் முழுவதும் துண்டாக்குபவருக்கு இது உண்மையில் நல்ல தெரிவு. வேலிக்குக் கதியால் வெட்டுபவர், விறகுகாலைக்குச் சவுக்குக் கட்டை அரிபவர், பாரில் எட்டு அங்குலத்துக்கு மேல் புதைக்காதவர் ஆகியோரின் எஞ்சினிடம் எப்போதும் வலு மிச்சமிருக்கிறது. அந்த மிச்சத்தை வேகமாக மாற்றிக்கொள்ளலாம்.

அகலமான மரத்தில் இது எதிர்மாறாக வேலை செய்யும். இழுவை போதாமல் சுற்று விழும்; சுற்று விழுந்தால் வலுவும் விழும்; ஈற்றில் ஏழு பல்லைவிட மெதுவாகவே வெட்டும். ஓட்டுபவர் அதை உணராமல் மேலும் அழுத்துவார். அப்போது கிளச் வழுக்கிச் சூடாகும். பல வாள்களில் கிளச் டிரம்மோடு இணைந்து ஒயில் பம்பைச் சுற்றும் பற்சக்கரம் பிளாஸ்ரிக்கால் ஆனது. அது உருகிவிட்டால் செயினுக்கு ஒயில் நிற்கும், ஒயில் நின்றால் பாரும் போகும்.

ஒயில் விடயத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பம்ப் எஞ்சினின் சுற்றுக்கு ஏற்பவே ஒயிலைத் தள்ளுகிறது. எட்டுப் பல் போட்டால் அதே சுற்றில் செயின் கூடுதல் தூரம் ஓடுவதால், செயினின் ஒவ்வொரு மீற்றருக்கும் கிடைக்கும் ஒயில் குறைகிறது. பம்பைத் திருகிக் கூட்டக்கூடிய வாளாக இருந்தால் கூட்டிவிட வேண்டும். கூட்ட முடியாத வாளில் நீளமான பாரோடு எட்டுப் பல்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வாகனத்திலிருந்து இறக்கிய கழிவு ஒயிலை ஊற்றும் பழக்கம் இருந்தால் நிலைமை இன்னும் கெடும். அது செயினில் ஒட்டி நிற்காமல் வேகத்தில் வீசுண்டு போய்விடும்.

செலவு எவ்வளவு என்பது உங்கள் வாளில் எந்த வகைப் பற்சில்லு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிளச் டிரம்மோடு ஒட்டியே வரும் நட்சத்திர வடிவப் பற்சில்லு என்றால் டிரம் முழுவதையும் மாற்ற வேண்டும்; அந்த மொடலுக்கு எட்டுப் பல்லில் ஒன்று வருகிறதா என்பதே முதற் கேள்வி. டிரம்மின் வரிகளில் தளர்வாக உட்காரும் றிம் வகை என்றால் றிம்மை மட்டும் மாற்றலாம், அதுவும் மலிவானது. இரண்டு றிம்மையும் வைத்திருந்து வேலைக்கேற்ப மாற்றிப் போடுபவர்களும் உண்டு. எட்டுப் பல் றிம் சற்றுப் பெரியது என்பதால், செயின் உடற்பகுதியில் உரசாமல் ஓடுகிறதா என்றும், பாரை நகர்த்திச் செயினை இறுக்க இடம் மிஞ்சுகிறதா என்றும் கையால் சுற்றிப் பார்த்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.

பனைக்கு எட்டுப் பல் வேண்டாம். நுழைவிலும் வெளியேற்றத்திலும் வரும் வைரத்தை இழுவையால்தான் கடக்க முடியும். பனையோ பலாவோ தறிக்க அனுமதி வேண்டும் என்பது வேறு விடயம்; அது கையிலிருக்கிறது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

## தெரிவு 3: 3/8க்கு மாறுவது (7 பல்)

3/8 செயின் வலிமையானது, தடித்தது. மண்ணும் மணலும் ஒட்டிய மரத்தில் அதன் பல் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். 3 கிலோவாற்றுக்கு மேற்பட்ட, ஏறத்தாழ 60 சீசீக்கு மேலுள்ள வாளுக்கு இதுவே இயல்பான செயின். அதற்குக் கீழே இதை மாட்டினால் என்ன நடக்கும் என்பதை மேலே கணக்கிட்டுக் காட்டினேன்.

மாற்றத்தின் முழுச் செலவையும் கூட்டிப் பார்ப்பவர் குறைவு. பற்சில்லு புதிது, நுனிச்சில்லுள்ள பார் என்றால் அதுவும் புதிது, செயின் புதிது, அரம் 5.2 மி.மீ. புதிது, கைவசமுள்ள .325 செயின்கள் எல்லாம் பயனற்றவை. பாரை மட்டும் மாற்றாமல் விட்டால் நுனிச்சில்லின் பல்லில் செயின் சரியாக உட்காராமல் ஏறியிறங்கி ஓடும். நுனிச்சில்லு சிதையும், சில வேளை செயினும் அறுந்து வரும். அரிபவரின் கால் அந்தத் திசையில்தான் இருக்கும் என்பதால் இதில் துணிச்சலுக்கு இடமில்லை. பெரிய பல் என்பதால் நுனி தட்டும்போது வாள் முகத்தை நோக்கி எழும் பின்னுதைப்பும் கடுமையாக இருக்கும்.

இதை நியாயமாகத் தெரிவுசெய்யக்கூடியவர் ஒருவர் இருக்கிறார்: 55 முதல் 60 சீசீ வரையான, உண்மையாகவே 2.8 கிலோவாற்றை எட்டும் வாளை வைத்திருப்பவர், ஏற்கெனவே ஒரு பெரிய 3/8 வாளும் வைத்திருந்து, இரண்டுக்கும் ஒரே வகைச் செயின் சுருளும் ஒரே அரமும் போதும் என்று விரும்பினால், 16 அங்குலப் பாரோடு இதைப் போடலாம். வசதிக்காக வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், தெரிந்தே கொடுக்கிறார்.

## தெரிவு 4: கீழிறங்குவது (சிறு 3/8, 6 பல்)

லோ புரொபைல் எனப்படும் இந்தச் செயினின் பிட்ச் பெரிய 3/8ஐப் போன்றதே, ஆனால் பல் குட்டையானது, உடல் மெல்லியது. 2 கிலோவாற்று வரையான வாளுக்கும், வீட்டு மின்னில் ஓடும் வாளுக்கும், மரத்தின்மேல் ஏறிக் கிளை கழிக்கும் சிறு வாளுக்கும் உரியது. மெல்லிய வெட்டு என்பதால் குறைந்த வலுவிலும் சுறுசுறுப்பாகப் போகும். ஐம்பது சீசீ வாளில் இதை மாட்டினால் முதலில் இனிக்கும். ஆனால் செயின் விரைவில் நீளும், வைரத்தில் சிக்கினால் அறும். பெயரில் இரண்டும் 3/8 என்பதால் கடையில் மாறிக் கிடைப்பதுண்டு. அரத்தின் அளவைக் கேட்டால் பிடிபட்டுவிடும்: சிறியதற்கு 4 மி.மீ., பெரியதற்கு 5.2.

## 60 சீசீக்கு மேலுள்ள வாளுக்கு

இங்கே கேள்வி மாறுகிறது. 3.5 முதல் 4 கிலோவாற்று வரையான வாளில் 3/8, ஏழு பல் என்பதே அடிப்படை. 16 அல்லது 18 அங்குலப் பாரோடு நடுத்தர மரம் அரிபவர் எட்டுப் பல் றிம்மைத் தாராளமாகப் போடலாம், 3.9 கிலோவாற்றை 22.4 மீற்றரால் வகுத்தாலும் 174 நியூற்றன் மிஞ்சுகிறது. 24 அங்குலத்துக்கு மேற்பட்ட பாரைப் புதைப்பவர் ஏழிலேயே நிற்க வேண்டும்.

பனையை நீளவாக்கில் பிளந்து சிலாகையும் வளையும் எடுப்பவர்களுக்கு எட்டுப் பல் எந்த வாளிலும் ஒத்துவராது. குறுக்காக அரியும்போது எஞ்சினுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். நீளவாக்கில் அது இல்லை, தொடர்ந்து முழுச் சுமைதான். ஏழு பல்லோடு, பல்லின் மேற்கோணத்தை வழமையான 30 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குறைத்துத் தீட்டினால் வெட்டு மெதுவாக ஆனாலும் பலகை ஒப்பமாக வரும்.

.404 செயின் 90 சீசீக்கு மேற்பட்ட வாள்களுக்கு உரியது. குடாநாட்டு வேலையில் அதற்கு அதிகம் இடமில்லை. வன்னியில் பெருமரம் அரியும் மரக்காலைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 70 சீசீ வாளில் அதை மாட்டி ஓட்ட வேண்டாம்.

## கடைக்குப் போகும்போது

பாரின் வால்பக்கத்தில் பிட்ச், தடிப்பு, அடிக்கண்ணி எண்ணிக்கை என மூன்று இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அழிந்திருந்தால் செயினில் மூன்று றிவிற்றுகளுக்கு இடையே அளக்கலாம். 16.5 மி.மீ. என்றால் .325, 18.6 என்றால் 3/8. தடிப்பில் 1.5 மி.மீ.க்கும் 1.6 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 1.6 செயின் 1.5 பாரில் இறங்காது என்பதால் உடனே தெரிந்துவிடும், 1.5 செயின் 1.6 பாரில் இறங்கி, சாய்ந்து ஓடி, வெட்டு வளைந்து போகத் தொடங்கிய பின்னரே தெரியும்.

பற்சில்லில் செயின் பதித்த தழும்பு அரை மில்லிமீற்றர் ஆழத்தைத் தாண்டியிருந்தால் புதுச் செயினோடு அதையும் மாற்ற வேண்டும். பொதுவாக இரண்டு செயினுக்கு ஒரு பற்சில்லு. இரண்டு செயினை வாங்கி மாறி மாறிப் போட்டால் மூன்றும் ஒன்றாகத் தேயும். எட்டுப் பல் றிம் வாங்குபவர் பழைய றிம்மைக் கையோடு கொண்டுபோய், உள்வரிகளை எண்ணி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து உட்துளை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின்னர் காசைக் கொடுக்கலாம்.